முனையில் தொடங்குங்கள்: மரபு வில் வேட்டைக்கு அம்புத் தலையும் தண்டும் பொருத்தும் முறை

புதிதாக வில் வாங்கியவர்கள் பெரும்பாலும் அடுத்த நாளே ஒரு டஜன் அம்பும் வாங்கிவிடுகிறார்கள். வில்லில் 50 பவுண்டு என்று எழுதியிருக்கிறது, அம்புப் பெட்டியிலும் 50–55 என்று இருக்கிறது, பிறகென்ன என்று நினைப்பு. இரண்டு மாதம் பயிற்சி முனையில் பழகிவிட்டு, வேட்டைக் காலம் நெருங்கும்போது பிராட்ஹெட்டை (வெட்டும் அலகுள்ள வேட்டைத் தலையை) மாட்டினால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய் ஒரு சாண் தள்ளிக் குத்துகிறது. பிராட்ஹெட் மட்டம் என்று வேறொன்று வாங்குகிறார்கள். அதுவும் அப்படித்தான் போகிறது.

கோளாறு தலையில் இல்லை, வாங்கிய வரிசையில் இருக்கிறது. தலையின் எடை தெரியாமல் தண்டின் விறைப்பைத் தீர்மானிக்க முடியாது. முன்னால் 50 கிரெய்ன் (சுமார் 3 கிராம்) கூடினாலே அதே தண்டு வேறு தண்டாக நடந்துகொள்ளும். அதனால் முதலில் தலை, பிறகு தண்டு. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது. முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ், நீள்வில் இரண்டுக்கும் பொருந்தும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் கணக்கே வேறு.

தொடங்குமுன் ஒன்று. வில் வேட்டை சில நாடுகளில் முழுத் தடை. அனுமதி உள்ள இடங்களிலும் குறைந்தபட்ச இழுவிசை, தலையின் வெட்டு அகலம், எந்த விலங்கு, எந்தக் காலம் என்று விதிகள் இருக்கும். நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதியைப் படித்துவிட்டுத் தலையைத் தேர்ந்தெடுங்கள். முள் வைத்த, திரும்ப உருவ முடியாத தலைகளைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

முதலில் உங்கள் இழுப்பை அளக்க வேண்டும்

வில்லில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் கை 28 அங்குலம் இழுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒரு நீளமான தண்டில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, நாணில் ஏற்றி, வழக்கமாக நங்கூரமிடும் இடம் வரை (முழு இழுப்பில் நாண் பிடித்த கை முகத்தில் நிற்கும் இடம்) இழுங்கள். வில்லின் முன்பக்கத்தில் எந்தக் கோடு நிற்கிறது என்று வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். நீங்களே எட்டிப் பார்த்தால் தலை முன்னால் வரும், இழுப்பு ஒரு அங்குலம் குறையும். ஐந்தாறு முறை இழுத்து, உடம்பு சூடான பிறகு வரும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தர எடையுள்ள வில்லில் ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 பவுண்டு வரை கூடும், குறையும். 28-க்கு 50 பவுண்டு என்று எழுதிய வில்லை 27 அங்குலம் இழுப்பவர் கையில் சுமார் 47 பவுண்டுதான் பிடிக்கிறார். தொங்கு தராசு கிடைத்தால் நேரடியாகவே அளந்துவிடலாம். இனிவரும் கணக்கெல்லாம் இந்த 47-ஐ வைத்துத்தான்.

தலை: வகையும் எடையும்

தலையின் எடையைக் கிரெய்னில் சொல்வது வழக்கம். ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன், 100 கிரெய்ன் தலை ஆறரை கிராம்தான். இந்தச் சின்ன எடைதான் அம்பின் போக்கையே மாற்றுகிறது.

பயிற்சி முனை இலக்கு அடிக்க மட்டும். முயல், பறவை போன்ற சிறு பிராணிகளுக்கு மழுங்கல் முனைகள் உண்டு: ரப்பர், எஃகு, அல்லது கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஜூடோ முனை. இவை அதிர்ச்சியால் கொல்பவை. ஜூடோவின் கால்கள் புல்லில் சிக்கி அம்பை நிறுத்திவிடுவதால் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்காகவே பலர் அதைக் காட்டில் நடந்துகொண்டே எய்து பழகுவதற்கும் வைத்திருக்கிறார்கள். மானுக்கோ பன்றிக்கோ மழுங்கல் முனையை நினைக்கவே கூடாது. அங்கே பிராட்ஹெட் மட்டுமே. அது அதிர்ச்சியால் கொல்வதில்லை. இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுத்துக் கொல்கிறது.

மரபு வில்லின் அம்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 190 அடி. காம்பவுண்டோடு ஒப்பிட்டால் குறைவு. பட்டவுடன் விரியும் இயந்திரத் தலைகள் விரிவதற்கே ஆற்றலைத் தின்றுவிடும். மரபு வில்லில் அவற்றை வைக்காமல் இருப்பதே நல்லது. அசையாத அலகுள்ள தலைகளை எடுங்கள்.

45 பவுண்டுக்குக் கீழே இருப்பவர்கள் இரண்டு அலகுத் தலையோடு நிறுத்திக்கொள்ளலாம். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்குக் கிட்டே இருந்தால் சரிவு மெதுவாக ஏறும், குறைந்த தள்ளலிலேயே உள்ளே போகும். குட்டையான அகலத் தலை காயத்தைப் பெரிதாக்கும், ஆனால் பாதியில் நின்றுவிடும் வாய்ப்பும் அதிகம். மூன்று அலகுத் தலை துளையை விரிவாகத் திறந்து வைக்கும், இரத்தத் தடம் நன்றாகக் கிடைக்கும். 50-க்கு மேல் இழுப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. சாணையிடுவதும் எளிது, அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒருபக்கச் சரிவுள்ள (அலகின் ஒரு பக்கம் மட்டும் சாணையிட்ட) தலை வாங்கினால் இறகின் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். வலச்சரிவுத் தலை உள்ளே போகும்போது வலப்பக்கம் சுழலும். பறவையின் வலச்சிறகிலிருந்து எடுத்த இறகுகளும் அம்பை அதே திசையில்தான் சுழற்றுகின்றன. வலத்தலைக்கு இடச்சிறகு ஒட்டினால் தோலைத் தொட்டதும் சுழற்சி நின்று எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டும். கிடைத்த ஆற்றலை அங்கேயே வீணடிப்பதாகும்.

எவ்வளவு எடை? மர அம்பில் ஒட்டும் தலைகள் 125, 145, 160, 190 என்ற எடைகளில் அதிகம் புழங்குகின்றன. கார்பனில் திருகும் தலைகள் 100-இலிருந்து 300 வரை உண்டு. கூடவே பித்தளை இன்செர்ட்டால் (தண்டின் வாய்க்குள் ஒட்டும், தலையைத் திருகும் குழல்) 50, 75, 100 கிரெய்ன் சேர்க்கலாம். தொடக்கக்காரருக்கு மரத்தில் 145 அல்லது 160, கார்பனில் தலையும் இன்செர்ட்டும் சேர்த்து 200 முதல் 250 என்பது நல்ல இடம். முன்னும் பின்னும் நகர்த்த இடமிருக்கும். அதே எடையில் பயிற்சி முனையும் கிடைக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். கிடைக்காத எடையில் தலை வாங்கிவிட்டுப் பயிற்சிக்கு வேறு எடையில் அடிப்பவர்கள் இரண்டு வேறு அம்புகளைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

மொத்த எடைக் கணக்கு

அம்பின் மொத்த எடையை இழுவிசையால் வகுத்தால் ஒரு பவுண்டுக்கு எத்தனை கிரெய்ன் என்று வரும். வேட்டைக்கு 9 முதல் 12 வரை வைத்துக்கொள்ளுங்கள். 8-க்குக் கீழே போனால் வில் பலமாக அதிரும், சத்தம் கூடும், பல தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தையே மறுப்பார்கள். 12-ஐத் தாண்டினால் 20 கஜத்துக்கு அப்பால் அம்பு மூட்டை போல் இறங்கும். தூரத்தை ஒரு கஜம் தப்பாகக் கணித்தாலும் அடி தவறும்.

ஒரு கார்பன் அம்பைக் கூட்டிப் பார்ப்போம். தண்டு அங்குலத்துக்கு 9 கிரெய்ன், நீளம் 29.5 அங்குலம்: 265. பித்தளை இன்செர்ட் 100. தலை 150. நாக் (நாணில் மாட்டும் காடியுள்ள பின்முனைத் துண்டு) 10, மூன்று இறகு 10. மொத்தம் 535. அதை 47-ஆல் வகுத்தால் 11.4. வேட்டைக்கு நல்ல அம்பு.

முன்பாரம் என்று ஒன்று உண்டு: அம்பின் எடை நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு. அம்பு சமநிலையில் நிற்கும் புள்ளியை நாக்கின் காடியிலிருந்து அளந்து, அதிலிருந்து தண்டின் பாதி நீளத்தைக் கழித்து, மொத்த நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன அம்பு சுமார் 21.2 அங்குலத்தில் சமநிலை கொள்ளும். 21.2-இல் 14.75 போனால் 6.45, அதை 29.5-ஆல் வகுத்தால் சுமார் 22 சதவீதம். மர அம்பில் இந்த எண் இவ்வளவு ஏறாது, தண்டே கனம் என்பதால்.

இந்தச் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் நடக்கும் சண்டைக்கு அளவில்லை. அம்பின் ஊடுருவலைப் பல ஆண்டுகள் சோதித்த எட் ஆஷ்பியின் பட்டியலிலேயே முதலிடம் அம்பு உடையாமல் இருப்பதற்கு, இரண்டாமிடம் நேராகப் பறப்பதற்கு. முன்பாரம் அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. வாலை ஆட்டிக்கொண்டு போகும் 30 சதவீத அம்பைவிட நேராகப் போகும் 14 சதவீத அம்பு ஆழமாக இறங்கும். கனத்த எலும்பை உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அது பெரிய விலங்குகளுக்கான பேச்சு. 47 பவுண்டு வில்லில் முதல் ஆண்டிலேயே அதைத் துரத்த வேண்டாம்.

மரமா, கார்பனா, அலுமினியமா

கார்பன் நிரந்தரமாக வளைந்துபோகாது, ஈரத்தில் மாறாது, ஒரே எண் போட்ட தண்டுகள் ஒன்றுபோல் இருக்கும். கற்றுக்கொள்ள இதுவே எளிது. குறை என்னவென்றால், அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளே கீறல் விடும். அலுமினியம் துல்லியமானது, கனமும் நன்றாக இருக்கும், ஆனால் வளைந்துவிடும். நசுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தேர்ந்தெடுக்கும் வேலை உங்கள் கைக்கு வருகிறது. போர்ட் ஆர்ஃபர்ட் சிடார் பழைய விருப்பம்: நேரான ரேகை, லேசு, ஒடித்தால் வாசனை. டக்ளஸ் ஃபர் கனம் கூடியது, வேட்டைக்கு ஏற்றது. சிட்கா ஸ்ப்ரூஸ் எடைக்கு மிஞ்சிய வலு உள்ளது. ஆஷ், ஹிக்கரி உறுதி, ஆனால் கனமும் அதிகம், நேராக நிற்கவைப்பதும் பாடு. குறுக்களவு 5/16, 11/32, 23/64 அங்குலம் என்று மூன்று. 45 முதல் 60 பவுண்டு வில்லுக்கு 11/32 பொதுவானது. தலையின் குழியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

மரத் தண்டு வாங்கும்போது பார்க்க வேண்டியது ரேகை. தண்டின் ஒரு முனையில் தொடங்கும் ரேகை மறு முனை வரை ஓட வேண்டும். நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறினால் உடைவது அங்கேதான். ரேகை வெளியேறும் இடத்தில் தீச்சுடர் போல் வரிசையாகக் கூர் தெரியும். அம்பை நாணில் ஏற்றும்போது மேற்பக்கத்தில் அந்தச் சுடர்களின் கூர் தலையை நோக்கி இருக்கும்படி நாக்கை ஒட்டுங்கள். அப்போது உடைந்தாலும் பின்துண்டின் சிலாம்பு மேல்நோக்கிப் போகும். மாற்றி ஒட்டினால் வில் பிடித்த கைக்குள் இறங்கும்.

நாக்கின் காடி வளைய ரேகைகளுக்குக் குறுக்காக வர வேண்டும். தண்டின் அடியைப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியுமே, அந்தக் கோடுகளை வெட்டுவது போல் காடி. அப்படி ஒட்டினால் நெருக்கமான ரேகைப் பக்கம் வில்லை ஒட்டி நிற்கும். எல்லா அம்பும் ஒரே மாதிரி வளையும். இதைக் கவனிக்காமல் ஒட்டிய டஜனில் நாலு அம்பு எப்போதும் தனியாகப் போகும். காரணம் தெரியாமல் கையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு டஜனுக்குள் விறைப்பு 5 பவுண்டு வட்டத்துக்குள்ளும், எடை 10 கிரெய்ன் வட்டத்துக்குள்ளும் இருக்கட்டும். மூங்கில் தண்டாக இருந்தால் தடித்த முனை முன்னால், மெல்லிய முனை நாக்குப் பக்கம்.

விறைப்பு எண்ணைப் படிப்பது

ஸ்பைன் என்று எல்லோரும் சொல்வது தண்டின் விறைப்பைத்தான். நாண் தள்ளும்போது தண்டு முதலில் வளைகிறது. வில்லின் உடலைச் சுற்றி நெளிந்து, வெளியே வந்தபின் நிமிர்கிறது. இந்த நெளிவு வில்லுக்குச் சரியான அளவில் நடந்தால் அம்பின் வால் வில்லைத் தொடாமல் போகும். விறைப்பு கூடினால் வால் வில்லில் இடிக்கும், குறைந்தால் அலைக்கழியும்.

குழப்பம் வருவது இரண்டு அளவு முறைகளால். மரத் தண்டை 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்க்கிறார்கள். 26-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவுண்டில் விறைப்பு. 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் 28 அங்குல இடைவெளி, 1.94 பவுண்டு எடை. தொய்வு அரை அங்குலம் என்றால் தண்டில் 500 என்று எழுதுவார்கள். அதாவது மரத்தில் எண் கூடக் கூட விறைப்பு, கார்பனில் எண் கூடக் கூட நெகிழ்வு. மரத்தின் 50 பவுண்டு கார்பன் அளவில் ஏறத்தாழ 630.

மர விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, நடுவில் தொங்கவிட 907 கிராம் எடை, கீழே ஒரு டயல் கேஜ். தண்டின் அடியில் தெரியும் ரேகைக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்து அளக்க வேண்டும். வில்லில் வளைவது அந்தத் திசையில்தான். படுக்க வைத்து அளந்தால் வேறு எண் வரும்.

மரத்துக்கான தொடக்கக் கணக்கு இது. உங்கள் கையில் உள்ள இழுவிசையில் தொடங்குங்கள். நாக்கின் காடியிலிருந்து தலையின் பின்விளிம்பு வரை 28 அங்குலத்தைத் தாண்டும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 5 பவுண்டு கூட்டுங்கள், குறைந்தால் கழியுங்கள். தலை 125-ஐத் தாண்டும் ஒவ்வொரு 25 கிரெய்னுக்கும் 5 கூட்டுங்கள். நாண் டேக்ரான் (சற்று நீளும் இழை) அல்லாமல் நீளாத நவீன இழையாக இருந்தால் இன்னொரு 5. வில்லின் ஷெல்ஃப் (அம்பு அமரும் திட்டு) நடுக்கோடு வரை வெட்டப்படாத நீள்வில் என்றால் 5 முதல் 10 வரை கழியுங்கள், அம்பு அதிகம் சுற்றி நெளிய வேண்டியிருப்பதால்.

நம் 47 பவுண்டு ஆள், 28 அங்குல அம்பு, 160 கிரெய்ன் தலை. தலைக்காக 7 கூட்டினால் 54. நடுவரை வெட்டிய ரிகர்வ், நவீன நாண் என்றால் 59: அவருக்கு 55–60 தண்டு. அதே ஆள் டேக்ரான் நாண் கட்டிய, நடுவரை வெட்டாத நீள்வில் வைத்திருந்தால் 54-இல் 5 போய் 49: 45–50 தண்டு போதும். இரண்டு வில்லிலும் எழுதிய எண் ஒன்று, தண்டு வேறு. பெட்டியில் எழுதியதை நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரியும்.

கார்பனில் இப்படிச் சூத்திரம் போடுவதைவிட 400, 500, 600 எண்ணில் ஆளுக்கொரு முழு நீளத் தண்டு வாங்கிச் சோதிப்பது மேல். 45–50 பவுண்டுக்கு, முன்னால் 200-க்கு மேல் எடை வைப்பவருக்கு 500-உம் 400-உம்தான் போட்டியில் நிற்கும். புதியவர்கள் வழக்கமாகத் தேவைக்கு மேல் விறைப்பாகவே வாங்குகிறார்கள். ஏதோ வலுவானது நல்லது என்ற எண்ணம்.

மொட்டைத் தண்டுச் சோதனை

இறகு அம்பின் குற்றத்தை மறைக்கும். இறகில்லாத தண்டு எதையும் மறைக்காது. பின்முனையில் இறகின் எடைக்குச் சமமாக, சுமார் 10 கிரெய்ன், டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறகு ஒட்டியபின் தண்டு கொஞ்சம் விறைப்பாகக் காட்டும். மென்மையான நுரை இலக்கு வேண்டும். கெட்டியான இலக்கில் சாய்வாகக் குத்தினால் மொட்டைத் தண்டு முறியும். இந்தச் சோதனையில் பிராட்ஹெட் வேண்டவே வேண்டாம், பயிற்சி முனை மட்டும்.

முதலில் நாணில் நாக் அமரும் முடிச்சை, செங்கோணத்துக்கு மேல் அரை அங்குலத்தில் வையுங்கள். மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்கள் 5/8-இல் தொடங்கலாம். நாண் இடைவெளியையும் (நாணுக்கும் வில்லின் பிடிக்கும் உள்ள தூரம்) வில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் வைத்துவிடுங்கள்.

1. 10 கஜத்தில் நின்று இறகுள்ள அம்பு மூன்று, மொட்டைத் தண்டு இரண்டு அடியுங்கள். ஒரே புள்ளியைக் குறி வையுங்கள். கை நழுவியதாகத் தெரிந்த அடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. மேல்–கீழை முதலில் சரிசெய்யுங்கள். மொட்டைத் தண்டு இறகுள்ளவற்றுக்குக் கீழே குத்தினால் நாண் முடிச்சு உயரம், இறக்குங்கள். மேலே குத்தினால் ஏற்றுங்கள். 1/16 அங்குலமாக மட்டும் நகர்த்துங்கள்.

3. பிறகு இட–வலம். வலக்கையால் இழுப்பவருக்கு, மொட்டைத் தண்டு இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் விறைப்பு போதாது. இடக்கைக்காரருக்கு இது தலைகீழ்.

4. விறைப்பு அதிகம் என்றால் முன்னால் எடை கூட்டுங்கள், 25 கிரெய்ன் படியாக. போதாது என்றால் எடை குறையுங்கள் அல்லது தண்டைக் கால் அங்குலம் வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான்.

5. 10 கஜத்தில் ஒன்று சேர்ந்தபின் 15, 20 என்று பின்னால் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலையையும் நாண் முடிச்சையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நிற்பது, எல்லோரும் ஒருமுறையாவது போகும் வழி.

கார்பனில் ஒரு வசதி உண்டு. இன்செர்ட்டைக் குறைந்த வெப்ப ஹாட்மெல்ட் பசையால் ஒட்டிவிட்டு, நாக்கைக் கழற்றிப் பின்முனையில் வெட்டிக்கொண்டே வரலாம். நாக் அழுத்திப் பொருத்துவதுதானே. சரியான நீளம் கிடைத்தபின் மற்ற தண்டுகளையும் அதே அளவுக்கு வெட்டுங்கள். குழாய் வெட்டியைக் கார்பனில் வைக்காதீர்கள், நார் பிளந்துவிடும். உராய்வுத் தட்டு வைத்த அதிவேக ரம்பம், முகக்கவசம், வெட்டிய முனையைச் சதுரமாகத் தேய்ப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். எவ்வளவு வெட்டினாலும் முழு இழுப்பில் தலை வில்லுக்கு முன்னால் ஒரு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிராட்ஹெட் விரலை எட்டும் நீளத்துக்கு இறங்காதீர்கள்.

சோதனை சில நேரம் பொய் சொல்லும். விறைப்பு மிக அதிகமான தண்டு வில்லின் பக்கத் தகட்டில் (ஷெல்ஃபுக்கு மேலே அம்பின் பக்கம் சாயும் பரப்பு) மோதித் தெறித்து, விறைப்பு போதாதது போல் வலப்பக்கம் போய்க் குத்தும். நாண் முடிச்சு மிகத் தாழ்ந்திருந்தால் வால் ஷெல்ஃபில் இடித்து எகிறி, முடிச்சு உயரமாக இருப்பது போல் காட்டும். மாற்றம் செய்யச் செய்ய முடிவு மோசமானாலோ, அசையவே இல்லை என்றாலோ இதைச் சந்தேகியுங்கள். ஷெல்ஃபிலும் பக்கத் தகட்டிலும் முகப்பவுடர் தூவி ஒரு அம்பு விட்டால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

எண்கள் எல்லாம் கிட்டத்தட்ட வந்து, கடைசிக் கொஞ்சம் மட்டும் வலப்பக்கம் விலகினால் தண்டைத் தொடாமல் வில்லின் பக்கத் தகட்டைச் சற்றுத் தடிப்பாக்கலாம். ஒரு தோல் துண்டு போதும்; அம்பு கூடுதல் விறைப்பாக நடந்துகொள்ளும். மெலிதாக்கினால் எதிர்மாறு.

பொருத்துதல்

மரத் தண்டின் முன்முனை 5 பாகைக் கூம்பு, நாக்கு முனை 11 பாகைக் கூம்பு. பென்சில் சீவி போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. கூம்பு கோணலாக வந்தால் தலை கோணலாக உட்காரும், பிறகு எந்தச் சோதனையும் உதவாது. கூம்பைத் தலைக்குள் செருகித் திருகிப் பாருங்கள். கறுப்பாகத் தேய்ந்த தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்ல பொருத்தம். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் இன்னும் சீவ வேண்டும்.

ஹாட்மெல்ட் பசையை உருக்கிக் கூம்பில் தடவி, தலையை இடுக்கியால் பிடித்துச் சூடாக்கி, சுழற்றிக்கொண்டே அழுத்துங்கள். ஆறுவதற்குள் நேர் பார்க்க வேண்டும். தலையின் கூர்முனையை ஒரு பலகையில் ஊன்றி, அம்பை நிமிர்த்தி, விரல்களால் பம்பரம் போல் சுழற்றுங்கள். தலையும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே அம்பு நின்ற இடத்தில் நின்று சுழன்றால் நேர். இலேசாகத் தள்ளாடினாலும் மறுபடி சூடாக்கி கால் சுற்று திருப்பி மீண்டும் பாருங்கள். பயிற்சி முனையில் தெரியாத கோணல் பிராட்ஹெட்டில் சுக்கான் திருப்பியது போல் அம்பை இழுத்துக்கொண்டு போகும்.

கார்பனில் நேரடித் தீயைத் தண்டில் காட்டாதீர்கள், பிசின் வெந்துவிடும். சோதனை முடிந்தபின் நிரந்தரமாக ஒட்ட எபாக்சி நல்லது. தண்டின் உள்ளே ஆல்கஹாலால் துடைத்து, இன்செர்ட்டை உரசிச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள். கனமான இன்செர்ட் எலும்பில் பட்டால் தண்டின் வாயைப் பிளக்கும். அதைத் தடுக்க, தண்டின் மேல் இறுக்கமாக அமரும் அலுமினியக் குழாயில் ஓர் அங்குலம் அளவுக்கு வெட்டி வாயைச் சுற்றிப் பூண் போடுவார்கள். பூண் தண்டைக் கொஞ்சம் விறைப்பாக்கும் என்பதால் சோதனைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

இறகு நிஜ இறகாகவே இருக்கட்டும். ஷெல்ஃபின் மேல் நேரடியாக வைத்து எய்யும்போது பிளாஸ்டிக் வேன் (செயற்கை இறகு) வில்லில் மோதி அம்பை உதைக்கும். இறகு படிந்து கொடுக்கும். 5 அங்குல இறகு மூன்று, அல்லது 4 அங்குல இறகு நான்கு, சற்று முறுக்கி ஒட்டியது, பெரும்பாலான பிராட்ஹெட்டுகளை அடக்கும்.

பிராட்ஹெட்டை ஏற்றியபின்

எடை ஒன்றாக இருந்தாலும் பிராட்ஹெட் பயிற்சி முனையைவிட நீளம். எடை இன்னும் முன்னால் போவதால் தண்டு ஓரளவு நெகிழ்வாக நடந்துகொள்ளும். அதனால் 20 கஜத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். பிராட்ஹெட்டைத் தாங்கும் நுரை இலக்கு வேண்டும். படிப்பது மொட்டைத் தண்டைப் போலத்தான்: வலக்கைக்காரருக்குப் பிராட்ஹெட் இடப்பக்கம் கூடினால் விறைப்பு, வலம் என்றால் நெகிழ்வு, கீழே என்றால் நாண் முடிச்சு உயரம். சோதனைக்கு ஒரு தலையை ஒதுக்கிவிடுங்கள். நுரையில் ஒருமுறை போய்வந்த தலை கூர் போன தலைதான்.

கூர் பற்றி. கடையில் வாங்கிய தலை பெரும்பாலும் வேட்டைக்குத் தயாராக இருக்காது. மூன்று அலகுத் தலையைத் தட்டையான சாணைக்கல்லில் இரண்டு அலகும் படும்படி படுக்க வைத்து, முன்பின்னாக இழுங்கள், பிறகு அடுத்த ஜோடி. கோணம் தானாகவே அமைந்துவிடும். இரண்டு அலகுத் தலைக்குக் கோணத்தை நீங்கள்தான் காக்க வேண்டும். சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பில் மட்டும் போயிருந்தால் தலையைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், பின்பக்கம் மட்டும் போயிருந்தால் படுக்க வைக்கிறீர்கள். முழுச் சரிவிலும் மை போன பிறகு மறுபக்கத்து விளிம்பில் விரலைக் குறுக்காகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது வந்தால்தான் கல் விளிம்பை எட்டியிருக்கிறது என்று பொருள். நுண்ணிய கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் அந்தப் பிசிறை எடுத்து, கடைசியில் தோல் பட்டையில் பின்னோக்கி இழுங்கள். முன்னோக்கித் தள்ளினால் தோலும் போகும், கூரும் போகும்.

முன்கை முடியை மழிக்கிறதா என்று பார்ப்பது பழக்கம். அதைவிட நம்பகமானது ரப்பர் பேண்ட். இரண்டு ஆணிகளுக்கு இடையே தளர்வாக மாட்டி, அலகால் மெல்லத் தொட்டு இழுங்கள். தொட்டதும் அறுந்தால் தயார். அழுத்தினால்தான் அறுகிறது என்றால் மறுபடி பட்டைக்குப் போங்கள். ரப்பர் விலகி ஓடுவது போல் இரத்தக் குழாயும் மழுங்கிய அலகுக்கு விலகும். கூராக்கிய தலையில் எண்ணெய் லேசாகப் பூசி வையுங்கள், ஈரக் காற்றில் ஓர் இரவிலேயே துரு பிடிக்கும். அம்புக்கூட்டில் அலகுகள் முழுவதும் மூடியிருக்க வேண்டும். திருகும்போது இதற்கென்று உள்ள சாவியைப் பயன்படுத்துங்கள்; வெறுங்கையால் திருகித் தையல் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம்.

கழிக்க வேண்டிய அம்புகள்

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் கார்பன் தண்டை இரு கையாலும் பிடித்து இலேசாக வளைத்து, கால் சுற்றுத் திருப்பி மறுபடி வளையுங்கள். சிறு நொறுங்கல் சத்தம் கேட்டாலோ, ஒரு பக்கம் நெகிழ்ந்தாலோ அங்கேயே ஒடித்துப் போடுங்கள். கீறிய கார்பன் நாண் விட்ட கணத்தில் சிதறி, துண்டுகள் கைக்குள் போகும். மரத்தில் தலைக்குப் பின்னால் உள்ள முதல் மூன்று அங்குலத்தை நகத்தால் சுற்றித் தடவுங்கள். அங்கேதான் வெடிப்பு தொடங்கும். நாக்கின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த நாக்கை மாற்றுங்கள். நாண் விடும்போது நாக் பிளந்தால் அம்பில்லாமல் வில்லை விட்டது போலாகும், வில்லே முறியலாம்.

மர அம்புகள் வெயிலிலும் ஈரத்திலும் வளையும். வெப்பம் தெரியும் அளவுக்கு வளைவின் மேல் துணியால் வேகமாகத் தேய்த்து, எதிர்ப்பக்கம் மெல்ல அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் நிமிர்ந்துவிடும். ஒரே இடத்தில் மூன்றாவது முறையும் வளைந்த தண்டைப் பயிற்சி முனைக்கு ஒதுக்கிவிடுங்கள். விலங்கைத் துளைத்து வந்த அம்பைக் கழுவி, வளைத்து, சுழற்றிப் பார்க்காமல் மறுபடி கூட்டில் வைக்காதீர்கள். தலை நேராகத் தெரிந்தாலும் எலும்பில் பட்ட இன்செர்ட் உள்ளே தளர்ந்திருக்கும்.